வைக்கோற் கூரையும் செங்கற் கோயிலும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்டும் வேலையாக யாம் சங்கக் கூடத்தில் நின்றிருந்தபோது ஒரு சிறு நிகழ்ச்சி நேர்ந்தது. விளக்குச் சரம் போட வந்திருந்த வங்காளி முதியவர் ஒருவர் சுவரில் தொங்கிய நாட்காட்டிப் படத்தை நெடுநேரம் உற்று நோக்கினார். மாமல்லபுரத்துத் திரௌபதி இரதத்தின் படம் அது. பின்னர் எம்மிடம் திரும்பி, "பாபு, இது எந்த ஜில்லாக் கோயில்? பாங்குராவா, ஹூக்ளியா?" என்று வினவினார். அது எம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் உள்ள கற்கோயில் என்றும், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முற்பட்டது என்றும் கூறினோம். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "கூரையைப் பாருங்கள், இது எங்கள் வைக்கோல் வீடல்லவா?" என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறிவிட்டார்.

அன்பர்களே, யாம் பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்தவர். வரலாற்றுப் பேராசிரியர் அல்லேம். ஆயினும் அம்முதியவரின் கேள்வி எம்மை விட்டகலவில்லை. இந்நகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தும், நாள்தோறும் காளிகட்டம் வழியே பஸ்ஸிற் சென்றும், அக்கோயிலின் கூரை ஏன் நம் கோயில் விமானம் போல் இன்றிக் கவிழ்த்த படகு போல் இருக்கிறது என்று யாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆதலின் இவ்வாண்டு மலருக்கு எழுதுக என்று செயலாளர் பணித்தபோது இதனையே எடுத்துக்கொண்டோம்.

முதலில் வங்காளத்துக் குடிசையைக் காண்போம்.

வங்க நாட்டின் பெரும்பகுதி ஆற்று வண்டல். தோண்டினால் மண் வரும், கல் வராது. ஆகவே சுவர் களிமண்ணால் ஆனது. கூரை மூங்கிலால் ஆனது. மேலே வேய்வது நெல் வைக்கோல், அல்லது உலு என்னும் புல், சுந்தரவனப் பக்கத்தில் கோல்பாதா என்னும் ஓலை. கூரையை வங்காளியர் 'சால்' என்பர். இரண்டு சரிவு உடையது தோ-சாலா. நான்கு பக்கமும் சரிவது சார்-சாலா. சார்-சாலாவின் மேல் சற்று இடைவெளி விட்டுச் சிறிய சார்-சாலா ஒன்றை ஏற்றினால் எட்டுச் சரிவாகி ஆட்-சாலா எனப்படும். நம் சிற்ப நூல்களிலும் நீள் கூரைக்குச் 'சாலை' என்ற பெயர் உண்டு. அதுவும் இதுவும் ஒரு சொல்லே என்று எவரும் துணிந்துவிட வேண்டா; ஒலி ஒத்திருக்கிறது, அவ்வளவே. மலர்க் கட்டுரைகளில் இவ்வாறு சொல்லுக்குச் சொல் முடிச்சுப் போடும் வழக்கம் நம்மிடையே சற்று மிகுதி.

நம் ஊர்க் கூரைக்கும் இக்கூரைக்கும் உள்ள வேறுபாடு முகட்டில் இருக்கிறது. நம் வீடுகளில் முகட்டு வளை நேராக ஓடும். வங்காளத்தில் அது நடுவில் உயர்ந்து இரு முனைகளிலும் தாழ்ந்து வில்லென வளையும். இறவாணமும் அதே வளைவைப் பெற்று மூலைகளில் இறங்கி நிற்கும். இது அழகுக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. மூங்கில் வளையும் இயல்பினது. வளைத்துக் கட்டிய மூங்கில் விறைப்பாக நின்று பாரம் தாங்கும். ஆண்டுக்கு அறுபது அங்குலத்துக்கு மேல் மழை பொழியும் நாட்டில் கூரைமேல் விழுந்த நீர் ஒரு கணமும் தங்கலாகாது. மேலும், மண்சுவர் முதலிற் கரைவது மூலையில்தான். வளைந்த இறவாணம் அம்மூலையின்மேல் தாழ்ந்து குடை பிடிக்கிறது.

வேயும் முறை நம் ஊர் முறையேதான். மூங்கிற் கழிகளின் மேல் குறுக்கே வரிச்சுக் கட்டி, இறவாணத்திலிருந்து தொடங்கிக் கற்றை கற்றையாக மேல்நோக்கி அடுக்கி, கீழ் வரிசையின் கட்டினை மேல் வரிசை மறைக்குமாறு பரப்பி, முகட்டை இறுதியில் மூடுவர். இவ்வேலை செய்வோனுக்கு வங்காளியிற் 'கராமி' என்று பெயர். வைக்கோல் இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். உலுப்புல் அதனினும் நீண்ட காலம் தாங்கும். பின்னர்ப் பிரித்துப் புதிதாக வேய வேண்டும்.

இனி, இக்குடிசை செங்கல்லாக மாறிய இடத்துக்குச் செல்வோம்.

சென்ற மார்கழி விடுமுறையில் குடும்பப் பாஸ் எடுத்துக்கொண்டு ரூபசி பாங்ளா எக்ஸ்பிரஸ்ஸில் பிஷ்ணுப்பூர் சென்றோம். கரக்பூரைத் தாண்டி ஆத்ரா செல்லும் பழைய பெங்கால் நாக்பூர் ரயில்வேப் பாதையில் உள்ள நிலையம் அது. நம் காலனியினர் பலர் அவ்வழியே எண்ணற்ற முறை போயிருப்பர், இறங்கியவர் சிலரே. இறங்கிப் பாருங்கள் என்பது எம் வேண்டுகோள். மல்லர் என்னும் மன்னர்கள் ஆண்ட தலைநகரம் அது. தமக்கெனத் தனி ஆண்டுக் கணக்கே வைத்திருந்தனர். அக்கணக்கில் 961ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1655இல், இரகுநாத சிங்கன் என்னும் அரசன் கண்ணனுக்கு எடுப்பித்ததே ஜோர் பாங்ளா எனப்படும் கோயில். 'ஜோர்' என்றால் இணை. இரண்டு தோ-சாலாக் குடிசைகளை அருகருகே ஒட்டி நிறுத்தி, முன்னதை முகமண்டபமாகவும் பின்னதைக் கருவறையாகவும் வைத்து, இரண்டும் கூடும் இடத்தின்மேல் சிறு சார்-சாலாக் கோபுரம் ஒன்றை ஏற்றியிருக்கின்றனர். யாவும் செங்கல்.

தூரத்தே நின்று பார்த்தபோது எம் இளைய மகள், "அப்பா, வைக்கோற்போர் மாதிரி இருக்கிறதே" என்றாள். அவள் கண்ணுக்கு அது கோயிலாகவே தோன்றவில்லை. அருகிற் சென்ற பின்னரே அதன் வேலைப்பாடு புலனாகிறது. முகட்டின் வளைவு, இறவாணத்தின் வளைவு, மூலையின் தாழ்வு ஆகிய அனைத்தும் குடிசையில் உள்ளபடியே செங்கல்லில் உள்ளன. மூங்கில் தானே வளையும், செங்கல் வளையுமா? அதற்காக உள்ளே வளைவும் கவிமாடமும் எழுப்பிப் பாரத்தைச் சுவர்களில் இறக்கி, வெளியே சாந்தும் செங்கல்லும் கொண்டு கூரையின் உருவத்தைத் திரட்டியிருக்கின்றனர். எளிய குடியானவன் அரை நாளில் மூங்கிலை வளைத்துச் செய்துவிடும் ஒன்றைச் செங்கல்லிற் செய்யக் கொத்தனார் எத்துணைக் கணக்குப் போட்டிருக்க வேண்டும்!

சுவர் முழுவதும் சுட்ட மண் பலகைகள். அம்புப் படுக்கையிற் பீஷ்மர் கிடக்கிறார். இராமாயணப் போர் நடக்கிறது. கண்ணன் லீலை உண்டு. வேட்டைக்காரரும், துப்பாக்கி ஏந்தியவர் நிறைந்த படகுகளும் உண்டு. ஆற்றுவழியே வந்த அயல்நாட்டாரைக் கண்ட கைகளே அவற்றைச் செய்தன என்பதில் ஐயமில்லை. இப்பலகைகளைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம். எம் நோக்கம் கூரை ஆதலின் மேலே செல்கின்றோம்.

இரு கூரைகள் கூடும் இடத்தை நம் ஊர்த் தச்சர் கூடல்வாய் என்பர். ஓட்டு வீட்டில் வாழ்ந்தோர் அறிவர், ஒழுகுவதெல்லாம் அங்கேதான். இரண்டு குடிசைகளை ஒட்டவைத்தால் நடுவே பெருங் கூடல்வாய் உண்டாகிவிடும். நீரை அங்கே தேக்கிவைத்து முந்நூற்றெழுபது ஆண்டு நிற்க முடியுமா? நடுக்கோபுரத்தைச் சரியாக அந்தக் கூடல்வாயின் மேலேயே வைத்து அதன் பெரும்பகுதியை மூடிவிட்டனர். அழகுக்கு வைத்தாரோ ஒழுகலுக்கு அஞ்சி வைத்தாரோ, எம் கண்ணுக்கு அது கொத்தனாரின் கெட்டிக்காரத்தனமாகவே பட்டது.

அதே ஊரில் 1643இல் எடுத்த சியாம்ராய் கோயிலும், 1694இல் துர்ஜன சிங்கன் எடுத்த மதனமோகன் கோயிலும் செங்கற் கோயில்களே. அவற்றிலும் வளைந்த சாலாக் கூரையின் மேல்தான் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றையும் கண்டோம். ஆயினும் குடிசையைக் குடிசையாகவே காட்டுவதில் ஜோர் பாங்ளாவுக்கு இணை அங்கு வேறில்லை என்பது எம் கருத்து. அங்கு வேலிக்கு வெளியே கண்ட இன்னொன்றைப் பின்னர் உரைப்போம்.

குடிசையைச் செங்கல்லில் வடிக்கும் இவ்வழக்கத்தை முதலில் தொடங்கியவர் கோயில் கட்டிய அரசர் அல்லர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். மால்டா மாவட்டத்துப் பாண்டுவாவில் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த ஏக்லாகி என்னும் கல்லறை மாடத்தில், சுல்தான்களின் கொத்தனார் இறவாணத்தை மூங்கில்போல் வளைத்து அமைத்தனர். அயல்நாட்டு மாடமும் உள்ளூர்க் குடிசையும் அங்கே கைகோத்தன. பக்கத்துக் கௌர் நகரில் கதம் ரசூல் பள்ளியின் அருகே பதே கான் என்பவரின் கல்லறை இருக்கிறது. ஔரங்கசீப்பின் காலத்தது. அது முழுமையாகவே ஒரு தோ-சாலாக் குடிசை. கதவும் சுவரும் கூரையும் செங்கல்லும் சாந்துமே. ஆயினும் உள்ளே அடுப்பு எரிகிறதோ என்று எட்டிப் பார்க்கத் தோன்றும் அளவுக்கு வீட்டைப் போன்றது. முகலாயருக்கும் இவ்வளைவு பிடித்துவிட்டது. ஷாஜகான் லாகூர்க் கோட்டையில் 1633இல் கட்டிய நவ்லகா மண்டபத்தின் பளிங்குக் கூரையும், ஆக்ராக் கோட்டையில் அந்தப்புரத்தின் இருமருங்கும் உள்ள பொன்முலாம் பூசிய கூரைகளும் வங்காளக் குடிசையின் வளைவே. அங்கு வங்காளத்து மழை இல்லை. மழை இல்லாத ஊரில் மழைக்கான கூரை! அரண்மனைக்காரருக்குப் பிடித்துவிட்டால் காரணம் வேண்டியதில்லை போலும்.

கல்லறையும் கோயிலும் அரண்மனையும் இருக்கட்டும். இக்குடிசை நம் காலனிக்குள்ளும் வந்திருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் ஹூக்ளிக் கரைக்கு வந்த ஆங்கிலக் கம்பெனியார் தங்கியவை இத்தகைய கூரை வீடுகளே. 'பாங்ளா' பாணி வீடு அவர் வாயிற் 'பங்களா' ஆயிற்று. அவர்கள் அதனை உயர்ந்த மேடையில் ஏற்றி, நாற்புறமும் தாழ்வாரம் இறக்கி, நடுவே அறைகள் வகுத்துத் தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டனர். சுவர் செங்கல்லாயிற்று, கூரை நெடுங்காலம் வைக்கோலாகவே இருந்தது. செங்கற் சுவரும் வைக்கோற் கூரையுமாக அமைந்த அவ்வீடுகளே பின்னர் எழுந்த கலெக்டர் பங்களாவுக்கும், டாக் பங்களாவுக்கும், ரயில்வே பங்களாவுக்கும் மூதாதையர். 1869ஐ ஒட்டி இங்கிலாந்தின் கெண்ட் கடற்கரையிலும் பங்களாக்கள் எழுந்தன. இன்று நம் நாட்டில் செல்வர் வீட்டுக்கு வழங்கும் பெயர் வங்கத்து உழவனின் குடிசைப் பெயர். நம் காலனியில் அதிகாரிகள் குடியிருப்பைப் 'பங்களா' என்றும் நம்முடையதைக் 'குவார்ட்டர்ஸ்' என்றும் சொல்கின்றோம். வரலாறு அறிந்தவன் இதைக் கேட்டால் நகைப்பான்.

ஆனால் கல்கத்தாவுக்குள் அவ்வைக்கோல் எங்கே போயிற்று? தீ கொண்டுபோயிற்று. நெருக்கமாக அமைந்த குடிசைத் தெருக்களில் கோடை தோறும் தீப்பற்றிப் பேரழிவு நேர்ந்தமையால், 1837ஆம் ஆண்டின் 12ஆம் சட்டம் இந்நகரில் புல், ஓலை, பாய் முதலிய எரியும் பொருள்களால் வெளிக்கூரை அமைப்பதைத் தடுத்தது. பஸ்திகள் ஓட்டுக் கூரைக்கு மாறியதன் பின்னணி இதுவே. எளியோர்க்கு ஓடு வாங்கும் செலவு எத்துணைப் பெரிய சுமையாய் இருந்திருக்கும் என்பதைச் சட்டம் எழுதியோர் எண்ணினாரோ, அறியோம்.

இருப்பினும் நகரம் தோன்றிய கதையிலேயே ஒரு கூரை நிற்கிறது. பேஹாலாவை அடுத்த பாரிஷாவில், சக்கேர்பஜார் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், சாவர்ண ராய் சௌத்ரி குடும்பத்தாரின் ஆட்-சாலா இருக்கிறது. 1610 முதல் அங்குத் துர்க்கா பூஜை நடந்து வருவதாகக் குடும்ப மரபு. 1698 நவம்பர் 10ஆம் நாள் சூதாநுதி, கோவிந்தபூர், கலிகாதா ஆகிய மூன்று ஊர்களின் உரிமையை 1,300 ரூபாய்க்கு இக்குடும்பத்தார் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தனர்; அப்பத்திரம் எழுதப்பட்டதும் அந்த ஆட்-சாலாவின் நிழலிலேதான் என்பர். பிற்காலத்தில் அங்கும் செங்கல்லும் சாந்தும் ஏறிவிட்டன. 2003இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் ஜோப் சார்னாக்கை இந்நகரத்தின் தந்தை என்று கொள்ளலாகாது என்று தீர்ப்பளித்ததும் இக்குடும்பத்தார் தொடர்ந்த வழக்கிலேயே. அவர்கள் ஆதரவில் 1809இல் முடிந்த காளிகட்டத்துக் காளி கோயிலும் ஆட்-சாலாதான். யாம் பஸ்ஸிலிருந்து கண்டும் காணாமல் போன கூரை அதுவே.

இப்போது நாட்காட்டிப் படத்துக்கு வருவோம். அம்முதியவர் கண்டது பிழையா?

பிழையன்று. மாமல்லபுரத்து ஐந்து இரதங்களும் ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் பாறையைக் குடைந்து செதுக்கியவை. அவற்றுட் சிறியதான திரௌபதி இரதம், நான்கு பக்கமும் சரியும் கீற்றுக் கூரைக் குடிலின் நேர் உருவம். கூரையின் புடைப்பும், மூலை வரம்புகளின்மேல் செதுக்கிய பட்டையும், வேய்ந்து முடித்த கூரையைக் கட்டி இறுக்கியதுபோலத் தோன்றும். பக்கத்திலுள்ள வீமன் இரதம் நீண்ட வண்டிக் கூடு போன்ற சாலைக் கூரை உடையது. ஆங்கிலப் புத்தகங்களில் அதை 'வாகன் கூரை' என்று எழுதியிருக்கின்றனர். நாள் முழுதும் சரக்கு வாகன்களின் எண்களைப் பதிவேட்டில் ஏற்றும் எமக்கு அச்சொல்லைக் கண்டதும் ஆபீசு நினைவு வந்துவிட்டது. சகாதேவன் இரதமோ பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். அதற்குத் தக்கபடி பக்கத்திலேயே ஒரு கல்யானையை நிறுத்தியிருக்கின்றனர்.

இன்னும் ஒன்று. திரௌபதி இரதம் என்பது பிற்காலத்தார் இட்ட பெயர். உள்ளே இருப்பவள் துர்க்கை. அவள் முன்னே தன் தலையைத் தானே அரிந்து கொடுக்க முனையும் அடியவனும் இருக்கிறான். வெளியே சிங்கம் நிற்கிறது. வங்கத்தில் துர்க்கையை வைத்துப் பூசிக்கும் மண்டபமும் பண்டு கூரை வேய்ந்த ஆட்-சாலாவே. ஹூக்ளி மாவட்டத்து ஆன்ட்பூரில் மரச் செதுக்கு வேலை நிறைந்த பழைய சண்டி மண்டபம் ஒன்று கூரை வேய்ந்தபடியே இருக்கிறது. மார்ட்டின் கம்பெனியின் சிறு ரயில் 1971 வரை அப்பக்கம் ஓடிற்று. இரு நாட்டாரும் அம்மையைக் குடிலில் இருத்தியது எம் உள்ளத்தைத் தொட்டது. ஆனால் இதனைக் கொண்டு நாம் அவர்க்குக் கற்பித்தோம் என்றோ, அவர் நமக்குக் கற்பித்தார் என்றோ கூற யாம் உடன்படோம். நம் குடிலின் இறவாணம் நேரானது, அவர்களது வளைந்தது. நமக்கு ஓலையும் கீற்றும். அவர்க்கு மூங்கிலும் வைக்கோலும். தத்தம் வீட்டைக் கடவுளுக்குத் தந்த அன்பு மட்டுமே பொது.

நம் கோயில்களில் இக்குடிலின் சுவடு மறையவே இல்லை. விமானத்தின் தளந்தோறும் வரிசையாகக் காணும் சிறு கூரைகள், இறவாணம் போல் கவிழ்ந்த கபோதம், குடிசையின் முகப்பு வளைவை ஒத்த கூடு என யாவும் ஓலை வீட்டின் உறுப்புகள். தில்லைச் சிற்றம்பலத்தின் கூரையைப் பாருங்கள். மரத்தாலான குடில் வடிவே அது. அதற்குப் பொன் போர்த்திய சோழன் பராந்தகனைப் 'பொன் வேய்ந்த' பராந்தகன் என்றே வழங்குகிறோம். கீற்று வேய்வதற்கும் பொன் வேய்வதற்கும் தமிழில் வினை ஒன்றே. வேய் என்றால் மூங்கிலும் ஆகும்.

இக்கட்டடங்களுக்கு இன்று சட்டக் காவல் உண்டு. ஜோர் பாங்ளாவும், பதே கான் கல்லறையும், மாமல்லபுரத்து இரதங்களும் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றை இடிப்பதும் சிதைப்பதும் குற்றம். 2010இல் செய்த திருத்தத்தின்படி சுற்றிலும் 100 மீட்டர் வரை புதுக்கட்டடம் எழும்பலாகாது, அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். மாமல்லபுரம் 1984இல் உலக மரபுச் சின்னம் ஆயிற்று. பிஷ்ணுப்பூர் 1998 முதல் அதற்கான உத்தேசப் பட்டியலிற் காத்திருக்கிறது. மேற்கு வங்கத்தில் 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில மரபுரிமை ஆணையமும் அமைந்துள்ளது. கல்கத்தா மாநகராட்சி தன் பட்டியலிலுள்ள கட்டடங்களைத் தரம் பிரித்துக் காக்கிறது.

செங்கல்லையும் கல்லையும் இவ்வாறு காக்கலாம். வைக்கோலை எவ்வாறு காப்பது? மூன்றாண்டில் மக்கிப்போவதே அதன் இயல்பு. பழைய வைக்கோலைத் தொடாமல் வைத்தால் வீடு இடிந்துவிடும். மாற்றினாலோ பழையது போய்விடும். ஆகவே கூரை வீட்டில் காக்க வேண்டியது பொருளன்று, வேயும் கை. காமார்புகூரில் ஸ்ரீ ராமகிருஷ்ணர் வாழ்ந்த மண்வீடுகளை மடத்தார் கூரை மாற்றி மாற்றி வேய்ந்து பழைய உருவிலேயே பேணி வருகின்றனர். ஜப்பானில் சிரகாவா என்னும் மலையூரின் புற்கூரை வீடுகள் 1995இல் உலக மரபுச் சின்னம் ஆயின. அங்கு ஒரு வீட்டின் கூரை வேய ஊரே கூடும். இன்று உன் வீடு, நாளை என் வீடு என்று முறை வைத்து உழைப்பர். நம் ஊரிலும் அவ்வழக்கம் இருந்தது. தீக்கு அஞ்சி, வீடுகளைச் சுற்றி நீர் பீய்ச்சும் குழாய்கள் அமைத்து ஆண்டுதோறும் திறந்து சோதிக்கின்றனராம். இங்கிலாந்திலும் பட்டியலிற் சேர்ந்த கூரை வீட்டின் உடைமையாளர் அனுமதியின்றிப் புல்லை எடுத்துவிட்டு ஓடு போட முடியாது.

இவ்வளவும் எழுதியபின் ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. கூரை வீட்டின் அழகைப் பாடுவோர் பலர் அதில் வாழ்ந்தவர் அல்லர். யாம் வாழ்ந்தோம். காவிரிக் கடைமடையில் எம் தந்தையாரின் வீடு கீற்றுக் கூரை. சம்பா அறுவடை முடிந்து மாசி பங்குனியில் கூரை மாற்றுவது வழக்கம். யாம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய 1996ஆம் ஆண்டு, கூரைக்கு வைத்திருந்த பணத்தைத் தந்தையார் எம் தேர்வுக்கும் படிப்புக்கும் செலவிட்டுவிட்டார். "அடுத்த வருஷம் வேய்ந்துகொள்ளலாம்" என்றார். ஐப்பசியில் அடைமழை பிடித்தது. வீட்டில் நனையாத இடம் அடுப்படி மூலை ஒன்றே. அங்கே ஒரு தகரப் பெட்டியை வைத்து, அதனுள் எம் மதிப்பெண் பட்டியலை வைத்து, அதன்மேல் ஈரச்சாக்கைப் போர்த்தி, இரவெல்லாம் அம்மா அதனருகே அமர்ந்திருந்தார். அந்தத் தாளைக் கொண்டுதான் இவ்வேலை கிடைத்தது. பின்னாளில் அரசு உதவியும் எம் சேமிப்புக் கடனும் சேர்த்துக் கான்கிரீட் வீடு கட்டியபோது அம்மா ஒரே ஒரு சொல் சொன்னார்: "இனி மேகம் இருண்டால் பயமில்லை."

தீயையும் மறக்க முடியாது. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் தமிழ்நாட்டுப் பள்ளிகளிற் கீற்றுக் கூரை அகற்றப்பட்டது. அது சரியே. 1837இல் கல்கத்தாவில் எழுந்த கட்டளையை அன்று யாம் நொந்துகொண்டோமாயினும், அந்த 94 பெயர்களை எண்ணும்போது வாய் அடைத்துப்போகிறது. எவரையும் கூரையின்கீழ் வாழ்க என்று சொல்ல எமக்கு உரிமை இல்லை. ஆனால் நம் காலனியில் பிறந்த பிள்ளைகளுக்குக் கற்றை, வரிச்சு, இறவாணம், கூடல்வாய் என்ற சொற்கள் தெரியா. அச்சொற்கள் தெரியாதவன் கூட்டையும் கபோதத்தையும் கண்டு வெறும் அலங்காரம் என்றே எண்ணுவான். எம் மகள் வைக்கோற்போர் என்றாளே, அவளாவது பாட்டி ஊரில் போரைக் கண்டவள்.

பிஷ்ணுப்பூரில் கண்டதைப் பின்னர் உரைப்போம் என்றோம் அல்லவா? ஜோர் பாங்ளாவின் வேலியைத் தாண்டிச் சற்று நடந்தால் மண் வீடுகள் உண்டு. ஒரு வீட்டின் கூரையைப் பிரித்துப் புது வைக்கோல் வேய்ந்துகொண்டிருந்தார் ஒரு கராமி. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கீழே நின்று கற்றை எடுத்துக் கொடுத்தவர் அவ்வீட்டு அம்மையார். யாம் நின்று பார்ப்பதைக் கண்டு, "எந்த ஊர், தாதா?" என்றார் கராமி. தமிழ்நாடு என்றோம். கை நிற்கவில்லை, முகம் மட்டும் மலர்ந்தது. "என் மகன் சென்னையில்தான் இருக்கிறான். ஆறு வருஷமாகக் கான்கிரீட் வேலை" என்றார். அவனுக்கு இத்தொழில் தெரியுமா என்று கேட்டோம். "முகடு கட்டத் தெரியாது. மற்றதெல்லாம் சிறு வயதில் செய்தான்" என்றார்.

உங்கள் ஊரில் எதனால் வேய்வீர்கள் என்று அவர் கேட்க, தென்னங்கீற்று என்றோம். எத்தனை ஆண்டு தாங்கும் என்றார். இரண்டு என்றோம். "எங்களுக்கும் அவ்வளவுதான்" என்று சொல்லி, அடுத்த கற்றைக்குக் கை நீட்டினார். மகன் சென்னையில் எங்கே தங்கியிருக்கிறான் என்று எம் இல்லாள் கேட்டாள். வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகையாம். சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியவில்லை என்று தொலைபேசியில் சொன்னானாம்.